கிள்ளானுக்கு, லோகாவைப் பார்க்க

கோலாலம்பூருக்கு நான் போனது மேகங்களைப் பற்றிப் பேசுவதற்காக. அலுவலகத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில், கிள்ளானில், லோகா இருக்கிறாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பிறந்தது தூத்துக்குடி என்றாலும் பதினோரு வருடமாக என் பிழைப்பு ஸ்வீடனின் வடகோடியில். குளிர்காலத்தில் சில வாரங்கள் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காத ஊர். துருவப் பகுதியில் இருபது கிலோமீட்டர் உயரத்தில் உருவாகும் மேகங்களை ஆராய்வது எங்கள் குழுவின் வேலை. அந்த உயரத்தில் ஈரம் அநேகமாகக் கிடையாது. மைனஸ் எண்பது டிகிரிக்கு அருகே குளிர்ந்தால்தான் ஏதாவது உறையும். உறைந்துவிட்டால் சிப்பியின் உட்புறம் போல ஒரு பளபளப்பு. பார்க்க அழகுதான். ஓசோன் படலத்தை அரிக்கும் ரசாயனங்களைத் தட்டி எழுப்புவதும் அதே மேகம்தான். அதன் முதல் துகள் எதைப் பற்றிக்கொண்டு உறைகிறது என்பது இன்னும் சரியாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் பறக்கிறோம். விமானத்தின் கூரையில் இருக்கும் கண்ணாடி வழியாக லேசர் ஒளியை மேலே அனுப்புவோம். திரும்பி வரும் துளி வெளிச்சத்தை வைத்து, மேலே இருப்பது திரவமா படிகமா என்று கணக்குப் போடுவோம்.

அந்த விமானத்தில் நான்கு குளிர்காலம் எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவள் லோகேஸ்வரி. கிள்ளான்காரி. ஹெட்போனில் நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு விமானி ஆரம்பத்தில் ஏதோ அவசரத் தகவல் என்று பயந்திருக்கிறார். பெரும்பாலும் அது மீன் குழம்புக்குப் புளி போதுமா என்ற பேச்சாக இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருந்தபோது, அதை நிறுத்தியிருந்த கொட்டகையில் வைத்து, லேசரின் சிதறல் ஒன்று அவளுடைய வலது கண்ணில் பட்டது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். பார்வையின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. அவள் ஊர் திரும்பினாள். அதற்குப் பிறகு நான் அவளோடு பேசவில்லை.

நான் கோலாலம்பூர் வந்திறங்கியது ஸ்வீடனில் முதல் பனி விழுந்த வாரம். தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் காரை விட்டு இறங்கியதும் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் நின்றேன். துடைத்துப் போட்டால் எதிரே பூக்கடை, நகைக்கடை, சிடி விற்கும் ஒரு பழைய கடை, எல்லாவற்றுக்கும் மேலே ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். தூத்துக்குடியின் மார்க்கெட் தெருவைக் கழுவித் துடைத்து, நடுவில் மோனோரயில் விட்ட மாதிரி இருந்தது. 

அறையில் பையை வைத்துவிட்டு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். இலையில் சோறு விழும் முன்பே மொறுமொறுவென்று பாகற்காய் வறுவல் விழுந்தது. பரிமாறியவர் நான்கு வாளி தொங்கும் தூக்கோடு வந்து, "மீன் கறி, நண்டுக் கறி, கோழிக் கறி, பருப்பு, எது ஊத்தட்டும்?" என்றார். நான் கறி வேண்டாம், குழம்பு போதும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். இங்கே குழம்புக்குப் பெயரே கறி.

"ஊர்லேர்ந்து புதுசா வந்திருக்கீங்களாக்கா? நானும் வந்த புதுசுல இப்படித்தான் முழிச்சேன். பரமக்குடி. வந்து மூணு வருஷம் ஆச்சு. வேலையா வந்தீங்களா, சுத்திப் பாக்கவா?"

"ஒருத்தியப் பாக்க வந்திருக்கேன்," என்றேன். பயணப் படிவத்திலும், வீட்டிலும், விமான நிலையத்து அதிகாரியிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் ரசத்துக்கு நடுவில் சொல்லியிருந்தேன். அவர் இன்னொரு அப்பளம் வைத்துவிட்டுப் போனார். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் போனில் மனைவியிடம், மழை வரப் போகிறது, கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்தே நிமிடத்தில் மழை வந்தது. எங்கள் ஊரில் மழைக்கு முன் காற்று வந்து சொல்லும். இங்கே சொல்லாமல் கொள்ளாமல் வானத்தைக் கவிழ்த்து ஊற்றுகிறார்கள்.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் என் பேச்சு. முடிந்ததும் உள்ளூர் வானிலை ஆய்வாளர் ஒரு பெண்மணி, தலையில் நீலத் துணி, என்னிடம் வந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "குளிரைத் தேடி அவ்வளவு தூரம் போகிறீர்கள். எங்கள் தலைக்கு மேலே பதினேழு கிலோமீட்டரில் அதே குளிர்தான் இருக்கிறது. இங்கே மேலே ஏறும் காற்றுதான் சில வருடம் கழித்து உங்கள் துருவத்தில் போய் இறங்குகிறது." எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் வெளியே வந்து வெள்ளை வெளேரென்ற அந்த வானத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

அவரே இன்னொன்றும் கேட்டார். என் படங்களில் ஒன்றில் சிவப்பு உடுப்போடு ஒரு பெண் நின்றாளே, அவள் மலேசியாவா, இப்போது எங்கே?

"ஊருக்குத் திரும்பிவிட்டார்," என்றேன். அவர் சந்தோஷப்பட்டார்.

அன்று மாலை லோகாவுக்குச் செய்தி அனுப்பினேன். கோலாலம்பூரில் இருக்கிறேன், வரலாமா என்று மூன்றே வார்த்தை. எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பதில் உடனே வந்தது: "வா. நாளைக்குப் பத்து மணி. கிள்ளான் ஸ்டேஷன்."

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே கொமுட்டர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டே போனதில் ஸ்டேஷன் பெயர் எதையும் கவனிக்கவில்லை. எதிரே தொழிற்சாலை அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், காலைப் பசியாற நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார். தேங்காய்ப்பால் சோற்று வாசம் பெட்டி முழுக்க. 

"அக்கா, கிள்ளானுக்கு இன்னும் எத்தன ஸ்டேஷன்?"

அவர் கை வாய்க்குப் போகாமல் நின்றது. "கிள்ளானா? இது ரவாங் பக்கம் போவுது லா. நீங்க எதிர்ப்பக்கம் ஏறியிருக்கணும்."

எனக்கு முகம் விழுந்திருக்க வேண்டும். அவர் பொட்டலத்தை மூடி வைத்தார். "சூசா ஒண்ணும் இல்ல, கஷ்டப்பட வேணாம். ரவாங் வந்துருச்சு, என்கூட இறங்குங்க. அந்தப் பக்கம் போயி உக்காந்தா நேரா கிள்ளான்தான். யாரப் பாக்கப் போறீங்க?"

"கூட வேலை பாத்தவ."

"கூட்டாளியா? அப்ப மொதல்ல ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. காத்திருக்கிறவங்க பாவம் இல்ல?" மேம்பாலப் படி வரைக்கும் கூட வந்து கையைக் காட்டிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று விறுவிறுவென்று போனார்.

ரவாங் நடைமேடையில் அடுத்த ரயிலுக்கு அரை மணி நேரம் இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று அங்கேதான் நிஜமாக யோசித்தேன். என் மனசில் இருந்தது இதுதான். லேசரின் சாவியைத் திருப்பும் முன்பு மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். எல்லோரும் பதில் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். அன்று நார்வே மலைகளுக்கு மேலே அபூர்வமான குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. விமானத்தைச் சீக்கிரம் கிளப்ப வேண்டும் என்ற அவசரத்தில் நான் ஒரு தடவைகூடக் குரல் கொடுக்கவில்லை. ஒளியைத் திரும்பப் பிடிக்கும் தொலைநோக்கிக்குப் பின்னால் லோகா குனிந்து அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு. விசாரணையில் நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: அவர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்கவில்லை. அது உண்மை. மீதி உண்மையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. விதியை மீறியவர் என்று அவள் பெயரில் குறிப்பு எழுதப்பட்டது. அதற்குப் பிறகு அந்த விமானத்தில் அவளுக்கு இடம் கிடையாது. கண் போனதற்காக அல்ல, அந்தக் குறிப்புக்காக.

அவளுக்குப் போன் போட்டேன். "தப்பா ரவாங் வந்துட்டேன் லோகா. லேட்டாகும்."

 "இவ்வளவு நாள் காத்திருந்தாச்சு. மெதுவா வா," என்றாள்.

கிள்ளான் ஸ்டேஷன் வாசலில் சாம்பல் நிறச் சட்டையும் பாதுகாப்பு பூட்ஸுமாக நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்க்கத் தலையை லேசாக வலப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இடது கண்ணை முன்னே கொண்டுவருவதற்காக என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. 

லிட்டில் இந்தியாத் தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டோம். தண்ணீர் ஊற்றும்போது ஜக்கின் மூக்கால் தம்ளரின் விளிம்பை முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றினாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். 

"தூரம் தெரியாது. மொதல் ஆறு மாசம் மேசைக்குத்தான் தண்ணி ஊத்துனேன்," என்றாள் சாதாரணமாக. அவள் இப்போது வெப்பமானிகளைச் சரிபார்க்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். மீன், இறால் சேமிக்கும் குளிர்க்கிடங்குகளுக்குப் போய், அங்கே மாட்டியிருக்கும் கருவி சொல்வது நிஜமா என்று பார்க்க வேண்டும். "இன்னைக்குத் துறைமுகத்துக்கிட்ட மூணு ரூம் இருக்கு. நீயும் வாயேன்." 

வாடகைக் காரில் போகும்போது லாரிகளின் வரிசை முடிவே இல்லாமல் நின்றது. கிடங்கின் வாசலில் காவலர் இரண்டு தடித்த ஜாக்கெட்டுகளை நீட்டினார். "இவங்களுக்கு வேணாம் அண்ணே, ஸ்வீடன்காரங்க," என்று லோகா சொல்ல, அவர் நம்பாமல் என்னை ஏற இறங்கப் பார்த்து ஜாக்கெட்டைக் கையிலேயே திணித்தார்.

உள்ளே மைனஸ் இருபத்திரண்டு. முப்பத்து மூன்று டிகிரி வெயிலிலிருந்து ஒரே எட்டு. கதவு மூடியதும் மூக்கு மயிர் விறைத்தது. எங்கள் மூச்சு வெள்ளையாக மேலே போனது. லோகா இறால் பெட்டிகளுக்கு நடுவில் தன் கருவியின் ஊசியைச் செருகிவிட்டு, சுவரோரம் போய், கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தாள்.

"நம்பர் நிலைக்க இருவது நிமிஷம் ஆகும். மத்தவங்க வெளிய போயி நிப்பாங்க. நான் உள்ளேயே இருப்பேன். இந்த வேலைய எடுத்ததே இதுக்குத்தான். மாசத்துல நாலஞ்சு தடவ குளிர்ல நிக்கலாம்." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "வாசம் மட்டும்தான் தப்பு. அங்க இறால் நாத்தம் இல்ல."

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. 

"லோகா, அன்னைக்கு நான் குரல் குடுக்கல. சாவியத் திருப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவகூடச் சொல்லல. ரிப்போர்ட்ல அத எழுதவும் இல்ல."

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"போனது கண்ணுதானே வசு, காது இல்லையே. நீ சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ரெண்டு பேர் மேலயும் தப்புன்னா அந்த வாரம் ப்ளைட்டையே நிறுத்தியிருப்பாங்க. அப்படி ஒரு குளிர் நாம பறந்த நாலு வருஷத்துல வந்ததில்ல. போயி அளந்துட்டு வரட்டும்னு இருந்தேன். அப்புறம் நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரில காத்திருந்தேன். இங்க வந்தும் காத்திருந்தேன்." கருவியின் திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். "நானும் கண்ணாடியக் கழட்டுனேன். கண்ணு ஒரு செகண்ட்ல போயிருச்சு. அத ஏத்துக்கிட்டேன். நீ போன் பண்ணாதது ரெண்டு வருஷம்."

 மன்னித்துவிடு என்றேன். அது அந்தக் குளிரில் மிகச் சின்னதாகக் கேட்டது. 

"மைனஸ் இருவத்தொண்ணு புள்ளி எட்டு," என்றாள். "எழுதிக்கோ." எழுதினேன். பேனா உறைந்து இரண்டு தடவை கீற வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் அவள் எனக்கு ஒரு கார் கூப்பிட்டாள். "எனக்கு இன்னும் ரெண்டு ரூம் இருக்கு. நீ போ வசு." ஜாக்கெட்டின் பொத்தானைக் கழற்றாமலே அடுத்த கதவுக்குள் போய்விட்டாள்.

நான்காம் நாள் நான் எங்கும் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அறையில் உட்கார்ந்து விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. எது நடந்தது, நான் எதை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். மதியம் அனுப்பினேன். ஒரு நகல் லோகாவுக்கும். சாயங்காலம் பதில் வந்தது: மறுவிசாரணை முடியும் வரை நான் பறக்க அனுமதி இல்லை. வரும் குளிர்காலத்துக்கு என் இருக்கை வேறொருவருக்கு. எதிர்பார்த்ததுதான். இருந்தும், கீழே கடைத்தெருவுக்கு இறங்கி இரண்டு தடவை சும்மா நடந்தேன். லோகாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஐந்தாம் நாள் மாலை எனக்கு விமானம். காலையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "கீழ நிக்கிறேன்," என்றாள் லோகா.

பக்கத்துக் கடையில் உட்கார்ந்தோம். அவளுக்குப் பால் இல்லாத காப்பி ஓ, எனக்குத் தே தாரே. கடைக்காரர் டீயை ஒரு முழ உயரத்திலிருந்து இழுத்து ஆற்றிக் கொடுத்தார். லோகா தன் கோப்பையைத் தொடவில்லை.

"படிச்சேன். சீட்டு போச்சா?"

"இந்த வருஷம் போச்சு."

"ம்."  நாற்காலியை என் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "சரி, சொல்லு. நான் இல்லாம போனீங்கல்ல, அந்த ப்ளைட்ட. ஆரம்பத்துலேர்ந்து சொல்லு."

இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். விபத்து நடந்து மூன்றாம் நாள் கிளம்பியது. மலைகளின் மேல் காற்று அலை அலையாக எழும்பியது. அவளுடைய காலி இருக்கையில் யாரோ உதிரிக் கம்பிப் பெட்டியை வைத்துக் கட்டியிருந்தார்கள். மைனஸ் எண்பத்தேழு வரை இறங்கியது. திரையில் மேகம் அடுக்கடுக்காக விரிந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள், நான் திரும்பி அந்தக் கம்பிப் பெட்டியைப் பார்த்தேன். அவள் இடைமறித்துக்கொண்டே இருந்தாள். எந்த உயரத்துல? காத்து எந்தப் பக்கம்? மலைக்கு முன்னாடியா, பின்னாடியா? காப்பி ஆறிப்போனது. இன்னொன்று சொன்னோம். அதுவும் ஆறியது.

மடிக்கணினியைத் திறந்து அன்றைய பதிவைக் காட்டினேன். அவள் முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோய், இடது கண்ணால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள். மலைக்கு முன்னால், முதன்மை மேகத்துக்கும் கீழே, நூல் மாதிரி ஒரு மங்கல்.

"இத ஏன் கணக்குலேர்ந்து வெட்டிட்டீங்க?"

"கருவியோட இரைச்சல்னு நெனச்சோம்."

"இரைச்சல் பத்து நிமிஷம் ஒரே உயரத்துல நிக்குமா?" 

நான் குனிந்து பார்த்தேன். ஆறு பேர் கையெழுத்துப் போட்ட முடிவு அது. அந்த ஆறில் நானும் ஒருத்தி. "அலை தூக்குறதுக்கு முன்னாடியே அங்க படிகம் இருந்திருக்கு வசு. இல்லாமலும் இருக்கலாம். ரா டேட்டா இருக்கா?" என்றாள் லோகா.

"இருக்கு."

"அனுப்பு."

கார் வந்ததும் பையை ஏற்ற உதவினாள். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். "கோவம் போயிருச்சா?"

"இல்ல," என்றாள் யோசிக்காமல். "இருக்கும். அதுக்காக டேட்டா அனுப்பாம இருந்துராத." கதவைச் சாத்திவிட்டு, கூரையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

மறுவிசாரணையில் அவள் பெயரில் இருந்த குறிப்பு நீக்கப்பட்டது. அடுத்த குளிர்காலத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவளுக்கு எழுதினார்கள். விண்ணப்பித்திருக்கிறாள். மருத்துவர்கள் என்ன சொல்வார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அதுவரை பதிவுகள் கிள்ளானுக்குப் போகின்றன. வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் பார்க்கிறாள்.

இந்த ஜனவரியில் ஒரு முற்பகல், விமானம் மேலே போயிருந்தது. நான் தரையில், வானொலிக் கருவிக்குப் பக்கத்தில். தெற்கே அடிவானத்தில் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு வெளிச்சம். லோகா போனில் இருந்தாள். அவள் பக்கம் மழை தகரக் கூரையில் கொட்டும் சத்தம். பேச ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் இருவரும் வைக்கவில்லை. விமானி திரும்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"வராங்க," என்றேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாப்பது நிமிஷம். நீ வேணா போயி சாப்புட்டு வா."

"இல்ல," என்றாள். "இருக்கேன்."